பேங்குக் கதவு இறங்கிய நாள்

எங்கள் ஊருக்கு பேங்க் வந்தபோது ஒரு கடலைக்காய் குடோனில்தான் வந்து உட்கார்ந்தது. ஜேடர்பாளையம் போகிற ரோட்டில், லாரிப் பட்டறைக்கு எதிரே. உள்ளே போனால் கடலைக்காய் வாசம் அடிக்கும். மேனேஜர் வெளியூர்க்காரர், சின்ன வயசு. அவர், ஒரு கேஷியர், ஒரு பியூன். மூன்று பேர்தான் பேங்க். இன்றைக்கு அதே பேங்க் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூன்று மாடி. நான் சொல்வது குடோன் காலம். அப்போது அஞ்சாவது படித்தேன். எட்டாவதோடு நின்றுவிட்டேன், அது வேறு கதை.

பேங்குக்கு முந்தின வருசம் ஊரில் ஒரு பைனான்ஸ் இருந்தது. ஒரு நாள் காலையில் அதன் கதவில் பூட்டு தொங்கியது. சாவி சேலத்தில் இருக்கிறது, சாயங்காலம் வந்துவிடும் என்று வாட்ச்மேன் சொன்னார். ஊரே சாயங்காலம் வரைக்கும் நின்றது. சாவி வரவில்லை. மறுநாள் வாட்ச்மேனும் வரவில்லை.

அதில் அப்பாவின் லேத் பணம் போனது. அப்பா அந்த லாரிப் பட்டறைக்கு அடுத்த ரிக் பட்டறையில் வெல்டர். போர் போடுகிற வண்டிகளுக்கு வெல்டிங் வைப்பது வேலை. சொந்தமாக இரும்பு கடைகிற லேத் மெஷின் ஒன்று வாங்கிப் போட வேண்டும் என்று ஆறு வருசம் சேர்த்த பணம். அப்பா அழவில்லை. யாரையும் திட்டவில்லை. "இனி எவன் பெட்டியிலும் நம்ம காசு போகக்கூடாது" என்றார். அவ்வளவுதான். பெரியப்பாவுக்கும் அதில் பணம் போனது. அவர் ஆறு மாசம் திட்டினார். திட்டிக்கொண்டே போய் பேங்கில் கணக்கு ஆரம்பித்தார். வீட்டில் எலி நோட்டைக் கடித்துவிட்டதாம்.

அம்மாவுக்குக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. விரிசல் விட்ட முட்டைகளை வேலைக்காரர்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அம்மா அதை வாங்கி புரோட்டாக் கடைக்கு விற்பாள். அந்தச் சமயத்தில் மேனேஜர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளைகள் பேரில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார். நீல அட்டை போட்ட பாஸ்புக். முட்டைக் காசு வெள்ளிக்கிழமை தவறாமல் என் கணக்குக்குப் போனது.

"லேத்துக்குத்தான். அப்பாகிட்டச் சொல்லிராத சாமி" என்றாள் அம்மா. நான் சொல்லவில்லை. பாஸ்புக் என் புத்தகப் பையில், அடி அட்டைக்குக் கீழே இருந்தது. ஒன்றரை வருசம் இருந்தது.

நான் அஞ்சாவது படித்த வருசம் ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் மழை. மழை விட்ட மறுநாள் செவ்வாய்க்கிழமை, சந்தை. மத்தியானம் மணி அடிக்கும் முன்னே அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றாள். பண்ணையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். சேலையில் கோழி இறகு ஒட்டியிருந்தது.

"பேங்க் போச்சாட்ட இருக்குது. காலையில இருந்து பணம் குடுக்கலியாம். நீ போய் வரிசையில நில்லு. உன்ற கையெழுத்துத்தான் வேணும்."

அவள் உடனே பண்ணைக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அரைநாள் கூலி பிடித்துக்கொள்வார்கள். நான் பையோடு ஓடினேன்.

குடோன் வாசலில் சந்தைக் கூட்டம் முழுக்க நின்றது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு சில பேர் நின்றார்கள். மேனேஜர் படியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். பணம் வைக்கிற அறையின் இரும்புக் கதவு திறக்கவில்லை, சாவி திரும்ப மாட்டேன் என்கிறது, கம்பெனி ஆள் நாளைக்கு வந்துவிடுவார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் சாவியைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது.

"சாவி சேலத்துல இருக்குதுங்களா?" என்று கேட்டார் பெரியப்பா. கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்பு இல்லை. இரண்டு பேர் படியேறி மேனேஜரின் சட்டையைப் பிடித்தார்கள். பியூன் நடுவில் புகுந்து விலக்கினார்.

வரிசையில் எனக்கு முன்னால் முப்பது பேராவது இருந்தார்கள். முட்டைக் காசு போய்விட்டது என்று நினைத்தேன். அம்மாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

அப்போது பியூன் ரோட்டைத் தாண்டி ஓடினார். திரும்பி வந்தபோது கூட என் அப்பா வந்தார். கையில் டார்ச். முன்னால் நின்ற அம்மாளின் முந்தானைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

அப்பா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். குடோன் சுவரை வெளிப்பக்கமாகச் சுற்றிப் பார்த்தார். குனிந்து அடியைப் பார்த்தார்.

"மழைக்கு ஒரு பக்கம் மண்ணு உள்வாங்கிருக்குது. கதவு இறங்கிருச்சு. பூட்டுல ஒண்ணுமில்லைங்க" என்றார் மேனேஜரிடம்.

"உடைக்கணுங்களா?"

"எதுக்குங்க. தூக்கினாப் போதும்."

எதிர்ப் பட்டறையிலிருந்து லாரி ஜாக்கி வந்தது. இரண்டு பலகைத் துண்டும் வந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே ஆடுகள் மட்டும் கத்தின. ஜாக்கி ஏறும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. கிர்ர், கிர்ர். அப்புறம் நின்றது. மேனேஜர் ஒரு சாவி, கேஷியர் ஒரு சாவி. இரண்டும் திரும்பின. கதவு முனகிக்கொண்டு திறந்தது எங்களுக்கே கேட்டது.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு படிக்கு வந்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. பைனான்ஸில் ஏமாந்த ஆள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். பேச்சே பழக்கமில்லாத ஆள் என்றும் சொல்லலாம்.

"ஏண்டா தம்பி, உள்ள பணம் இருக்குதா?" என்றார் பெரியப்பா.

"இருக்குதுங்கண்ணா."

"நல்லாப் பாத்தியா? இல்ல மேனேஜரு உனக்குத் தனியா எதாச்சும் குடுத்துட்டாரா?"

கூட்டம் கலையவில்லை. வரிசை இன்னும் நெருங்கியது. அவரவர் பாஸ்புக்கை அவரவர் இறுக்கிப் பிடித்தார்கள். கேஷியர் கவுண்டரில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

அப்போதுதான் அப்பா என்னைப் பார்த்தார்.

முந்தானை விலகியிருந்தது. என் கையில் நீல அட்டை. அப்பா படியிறங்கி வந்தார். பாஸ்புக்கை வாங்கினார். என் பேரைப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதில் இருந்தது. கடைசி வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

புத்தகத்தை மூடி என் கையில் திருப்பிக் கொடுத்தார். என் தோளைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே நகர்த்தினார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போ சாமி. இங்க எதுக்கு நிக்கிற?"

அவ்வளவுதான் சொன்னார். ஜாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குப் பெரியப்பா தன் பணம் முழுவதையும் எடுத்தார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் எடுத்தார்கள். அதோடு சரி. வெள்ளிக்கிழமை பெரியப்பா பணத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். "எலித் தொல்லைங்க" என்றாராம் மேனேஜரிடம்.

அந்தப் பாஸ்புக்கைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா முட்டைக் காசைக் கொடுத்தபோது, அதோடு அப்பாவின் வாரக் கூலியில் பாதியும் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு வருசத்தில் லேத் வந்தது. பாதி எங்கள் பணம். மீதி பேங்க் லோன். மேனேஜரே வந்து சுவிட்ச் போட்டார். அதற்கப்புறம் பேங்கும் வளர்ந்தது, நாங்களும் வளர்ந்தோம். ஊரில் ரிக் வாங்காதவன் கோழி ஷெட் போட்டான். ஷெட் போடாதவன் லாரி வாங்கினான். எல்லோருக்கும் அந்தக் குடோனில்தான் லோன் கையெழுத்து. இப்போது எங்களிடம் நான்கு லேத். பட்டறையை நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று மாடி கட்டித் திறந்த அன்று, பெரிய ஆபீசர்கள் எல்லாம் வந்திருக்க, குத்துவிளக்கில் முதல் திரியை ஏற்றியது என் அப்பா. கரி பிடித்த விரலோடுதான் ஏற்றினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா கேட்டாள். "ஏனுங்க, கதவு இறங்குன அன்னிக்கி உள்ள எவ்வளவு இருந்துச்சு?"

"அலமாரியில ரெண்டு தட்டு நோட்டு. மீதி காலி."

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அது வரிசையில பாதிப் பேருக்குக்கூடக் காணாதே. தெரிஞ்சுமா புள்ளையக் கிளப்பி உட்டீங்க?"

"அதுக்குன்னு? நான் வெல்டிங் வெச்ச வண்டி ஒவ்வொண்ணும் அந்தப் பேங்குக் காசுதான். வண்டிக்காரன் தவணை கட்டுறதையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். காசு ஊரெல்லாம் ஓடிட்டிருக்குது. அது எப்படி உள்ள இருக்கும்?" என்றார். என் அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். "எல்லாரும் ஒரே நாள்ல கேட்டாத்தான் இருக்காது" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

அஞ்சாவது படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும். அன்றைக்கு வரிசையிலிருந்து நகர்த்தியபோது, அப்பாவுக்குக் கோபம், என்னைத் துரத்துகிறார் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் பணத்தை நானே தொலைத்துவிட்டேன் என்று அழுதுகொண்டே நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் ஒன்றிரண்டு. அப்புறம் நிறைய. ஆட்டுக்காரர் ஒருவர் என்னைத் தாண்டிச் சந்தைப் பக்கம் போனார். வரிசையில் எனக்கு நேர் முன்னால் நின்ற அம்மாள், பணம் எடுக்காமலே பாஸ்புக்கை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

"ஏஞ்சாமி அழுகுற?" என்று கேட்டாள்.

"பேங்க் போச்சு" என்றேன்.