பவானி அக்கா போட்ட ஓட்டு

பவானி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி அந்தமானில், ரங்கத் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மத்தியானம் வந்தது. நான் முன்பு வேலை செய்த மெஸ்ஸின் சமையற்காரர் சேகர் அண்ணன்தான் பேசினார். அவர் போன் செய்தால் வழக்கமாகக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் கேட்பேன். அன்று அவர் குரல் எழவே இல்லை. "அக்கா போயிட்டாங்கம்மா. காலைல எழுப்பினோம், எந்திரிக்கல" என்றார். போர்ட் பிளேருக்கு அதற்குமேல் பஸ் இல்லை. மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில் ஏறி, செக்போஸ்ட்டில் மற்ற வண்டிகளோடு வரிசையில் காத்துக் கிடந்து, அங்கே மெஸ் இருக்கும் டாலிகஞ்ச் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்காவின் அறையைக் கழுவி விட்டிருந்தார்கள்.

குமரேசன் அண்ணன் நடத்தும் அந்த மெஸ்ஸில் சாப்பிட்ட எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். பின்பக்க ஜன்னலை ஒட்டிப் பலகையில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போன பிறகும் அந்த வேலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. குமரேசன் அண்ணனுடைய அண்ணன் மனைவி அவர். கணவர் போனபின் மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த அறையில் இருந்தார். அந்த அறை, மூன்று வேளைச் சாப்பாடு, தினமும் போடும் ஊசி எல்லாமே அண்ணன் கொடுத்தவை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். குமரேசன் அண்ணனும் இதைப் படிப்பார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நான் அந்த மெஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குக் குரல் வராது. ஊமை இல்லை, யாராவது முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும், தலையைத்தான் ஆட்டுவேன். அக்காவுக்கு என் தலை ஆடுவது தெரியாது. கிரைண்டரும் புகைபோக்கி விசிறியும் ஓடும்போது என் சின்னக் குரலும் கேட்காது. முதல் வாரமே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் மணிக்கட்டை நீட்டி, "ஆமான்னா ஒரு அழுத்து, இல்லன்னா ரெண்டு அழுத்து" என்றார். எத்தனை பார்சல் கட்ட வேண்டும், எத்தனை தேங்காய் துருவ வேண்டும் என்று கேட்டால் அத்தனை முறை அழுத்துவேன். அவரும் என் மணிக்கட்டில் அதேபோலத் திருப்பி அழுத்திச் சரிபார்ப்பார். சேகர் அண்ணன் எங்களைப் பார்த்து, "என்ன, தந்தி போகுதா?" என்று கேலி செய்வார்.

இப்படி ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது அக்கா தன் பழைய ஓட்டைப் பற்றிச் சொன்னார். கண் போனபின் வந்த முதல் பார்லிமென்ட் தேர்தலில் குமரேசன் அண்ணன்தான் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். கண் தெரியாதவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம் என்று சட்டம் இருக்கிறது. உள்ளே போனதும் அக்கா யாருக்கு என்று காதில் சொல்லியிருக்கிறார். அண்ணன் "சரி அண்ணி" என்றாராம். அக்காவின் விரலைப் பிடித்துப் பொத்தானுக்குக் கொண்டுபோகவில்லை. தானே அழுத்திவிட்டார். வெளியே வந்து எல்லோரிடமும், "நம்ம வீட்டு ஓட்டு மொத்தமும் விழுந்தாச்சு" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் ஒரு கட்சியில் இருக்கிறார் என்பது மெஸ்ஸுக்கு வந்த எல்லோருக்கும் தெரியும்.

"பீப்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அது என்னோட சத்தமா அவனோட சத்தமான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. பூண்டுத் தோலை ஊதிவிட்டு அடுத்த பல்லை எடுத்தார்.

போன தேர்தலுக்கு முன்னால் அதிகாரிகள் ஒரு படிவத்தோடு மெஸ்ஸுக்கு வந்தார்கள். கண் தெரியாதவர்கள் விரும்பினால் வீட்டிலேயே ஓட்டுப் போடலாம், பெட்டியோடு நாங்களே வருவோம் என்றார்கள். குமரேசன் அண்ணனுக்குச் சந்தோஷம். வெயிலில் நிற்க வேண்டாமே அண்ணி என்றார். அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். அவர்கள் போனபின் என்னிடம் சொன்னார்: "வீட்ல போட்டா வீடுதான் ஓட்டுப் போடும். நான் போட்டதா ஆகாது."

எனக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, "நீ என்கூட வர்றியா?" என்று கேட்டார். எனக்குப் பயம். குமரேசன் அண்ணன் எனக்குச் சம்பளம் கொடுப்பவர், அக்காவுக்கு அறை கொடுத்தவர். அந்த முறை அவர் பூத்துக்குள்ளேயே கட்சி ஏஜென்ட்டாக உட்காரப் போகிறார், அக்காவை அவர் மனைவி அழைத்துப் போவார் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். இரண்டு முறை அழுத்தத்தான் நினைத்தேன். ஒரு முறை அழுத்திவிட்டு நின்றுவிட்டேன்.

வேட்பாளர் பட்டியல் வந்ததும் அக்கா என்னை அதை வரிசையாக மனப்பாடம் செய்யச் சொன்னார். தினமும் வெங்காயம் நறுக்கும்போது காதோரம் ஒப்பிக்க வேண்டும்: முதலாவது யார், என்ன சின்னம், இரண்டாவது யார் என்று கடைசிவரை. எல்லாப் பெயரையும் ஒரே முகத்தோடு கேட்பார். எந்தப் பெயரிலும் ஒரு "ம்" கூடச் சொன்னதில்லை. யாருக்கு என்று எனக்கும் சொல்லவில்லை. "உள்ள போய்ச் சொல்றேன். நம்ம பாஷைலயே சொல்றேன்" என்றார்.

தேர்தலன்று பூத் போட்டிருந்த பள்ளிக்கூடத்தில் நான் படித்ததில்லை. வாசலில் போலீஸ்காரர் கைப்பேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று இந்தியில் கத்திக்கொண்டிருந்தார். பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. ஒரு பெங்காலி அம்மா வாக்காளர் சீட்டால் விசிறிக்கொண்டே அக்காவை முன்னால் போகச் சொன்னார். தன்னார்வலர் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "கண்ணுதான் போச்சு, காலு இருக்கு" என்று அக்கா இந்தியில் சொல்ல, வரிசை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே கடைசிப் பெஞ்சில் குமரேசன் அண்ணன் வாக்காளர் பட்டியலும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது.

முதலில் என் ஓட்டை நான் போட்டேன். அது எப்படி முடிந்தது என்றே நினைவில்லை. இடது விரலில் மையோடு வெளியே வந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போனேன். அப்போது வேறொரு கட்சியின் ஏஜென்ட் எழுந்துவிட்டார். இந்தப் பெண் ஓட்டுப் போட்டாயிற்று, கையில் மை இருக்கிறது, மறுபடி எப்படி உள்ளே வருகிறாள் என்று கேட்டார். குமரேசன் அண்ணனும் எழுந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்த்துப் பேசினார். இது எங்கள் மெஸ்ஸில் வேலை செய்கிற பெண், வீட்டு ஆள் இல்லை, என் மனைவி வெளியே நிற்கிறாள், அவளைக் கூப்பிடுகிறேன் என்றார்.

தலைமை அதிகாரி இந்திக்காரர். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது. அக்காவிடம், "யே ஆப்கீ கோன் லக்தீ ஹை?" என்று கேட்டார். இவள் உங்களுக்கு என்ன உறவு என்று. மகள் மாதிரி என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன்.

"மேரே சாத் காம் கர்தீ ஹை" என்றார் அக்கா. என்னோடு வேலை செய்கிறாள். அவ்வளவுதான்.

அதிகாரி என் பக்கம் திரும்பி வயது கேட்டார். தொண்டை அடைத்துக்கொண்டது. மறுபடி கேட்டார். அறை முழுக்க என்னைப் பார்த்தது. நான் வாய் திறக்காவிட்டால் குமரேசன் அண்ணன் மனைவி உள்ளே வந்துவிடுவார், அக்காவுக்கு மறுபடி ஒரு சத்தம் மட்டும்தான் மிஞ்சும் என்று தெரிந்தது. ஆனாலும் குரல் வரவில்லை. அக்கா என் இடது கையைத் தடவி எடுத்து, ஆள்காட்டி விரலை அதிகாரி முன்னால் உயர்த்தினார்.

"மை வெச்சது நீங்கதானே சாப்? பதினெட்டு ஆகாமலா வெச்சீங்க?" என்று இந்தியில் கேட்டார்.

முதலில் எழுந்த ஏஜென்ட்டே சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அதிகாரி தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நிதானமாகப் பக்கம் தள்ளினார். வெளியே வரிசையில் சலசலப்பு ஏறியது. கடைசியில் விரலை வைத்து ஓர் இடத்தைப் படித்தார். உறவாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஓட்டுப் போடுகிறவர் விரும்பும் ஆள், பதினெட்டு முடிந்தவர், அன்று வேறு யாருக்கும் துணையாக வராதவர். ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். என் வலது ஆள்காட்டி விரலிலும் மை வைத்தார்கள். பிறகு, தாளில் எழுதியிருந்ததை வாயாலும் சொல்ல வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்து, யாரிடமும் சொல்ல மாட்டாயே என்று கேட்டார்.

"நஹீ பதாவூங்கி" என்றேன். சொல்ல மாட்டேன். என் குரல் எனக்கே கேட்டது.

அட்டை மறைப்புக்குள் நாங்கள் இருவர் நிற்க இடம் போதவில்லை. அக்கா என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்த ஆரம்பித்தார். பெயர்களை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே எண்ணியவள், நடுவில் எங்கோ விட்டுவிட்டேன். அக்கா நிறுத்திவிட்டார். எனக்கு எண்ணிக்கை தெரியவில்லை. "ஜல்தி கீஜியே" என்று அவசரப்படுத்தும் குரல் பின்னாலிருந்து வந்தது. வாயால் கேட்டால் குமரேசன் அண்ணனுக்குக் கேட்கும். ஒரு குத்துமதிப்பாக ஏதோ ஒரு பொத்தானில் அவர் விரலை வைத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். இதை அக்காவிடம் கடைசிவரை சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன். இரண்டு முறை அழுத்தினேன். இல்லை.

அக்கா அவசரப்படவில்லை. முதலிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு, பருப்பை ஒவ்வொன்றாகத் தள்ளுவதுபோல அழுத்தினார். இந்த முறை எண்ணிவிட்டேன். அவர் விரலைப் பிடித்து அந்தப் பொத்தானில் கொண்டுபோய் வைத்தேன். அழுத்தியது அவர். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள், ஓட்டு யாருக்கு என்று காட்டும் சீட்டு தெரிந்தது. அது விழுவதற்குள் அவர் மணிக்கட்டில் நான் அதே எண்ணிக்கையைத் திருப்பி அழுத்தினேன். பிறகுதான் பீப் என்றது.

"கேட்டுச்சு" என்றார் அக்கா.

அன்று மெஸ்ஸில் எல்லோரும் என் இரண்டு கையையும் பார்த்துவிட்டு, "டபுள் ஓட்டா? கள்ள ஓட்டு கேஸ்ல உள்ள போயிடாத" என்றார்கள். சாயங்காலம் குமரேசன் அண்ணன் சமையலறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. விசிறியை அணைத்துவிட்டு, யாருக்கு என்று என்னிடம் கேட்டார். அக்கா கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவகிட்ட ஏன் கேக்குற குமரேசா? போட்டது நான். என்கிட்ட கேளு."

"சரி, சொல்லுங்க அண்ணி. யாருக்கு?"

"எனக்கு வயசாச்சுப்பா, மறந்துட்டேன்."

சேகர் அண்ணன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். குமரேசன் அண்ணன் சிரிக்கவில்லை. மறுநாள் அக்காவின் அறையைக் காலி செய்யச் சொல்வார், என் சம்பளக் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. ஆனால் சில வாரம் அவர் சமையலறைக்குள் வரவில்லை, அண்ணி என்று கூப்பிடவில்லை. ஊசி மட்டும் தவறாமல் அறைக்கு வந்துகொண்டிருந்தது. பூத்து வாரியான எண்ணிக்கை வெளியான அன்று ஒரு தாளோடு வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா அந்தத் தாளின் சரசரப்பைக் கேட்டு, "சாப்பிட்டியா குமரேசா?" என்றார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றிலிருந்து மறுபடி அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பிறகு அம்மாவுக்கு முடியாமல் போய் நான் ரங்கத் ஊருக்கே திரும்பிவிட்டேன்.

துக்கத்துக்குப் போன அன்று குமரேசன் அண்ணன் அக்காவின் பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "இப்ப கட்சிக்காகக் கேக்கல. அவங்களே போயிட்டாங்க. பேரு வேண்டாம், நம்ம ஆளுக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு. என்மேல கோவமா போயிட்டாங்களான்னு தெரியணும்" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம். அவர் ஆளுக்கே அக்கா போட்டிருக்கவும் கூடும், போடாமல் இருந்திருக்கவும் கூடும். அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினேன். தொண்டை அடைக்கவில்லை.

"கோவம்னு அக்கா என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல அண்ணே. மத்தத நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

டீ குடித்தாயா என்று கேட்டார்.

அக்காவின் சேலை, ஊசி டப்பா, பருப்பு முறம் எல்லாம் யார் யாருக்கோ போய்விட்டன. நான் எதையும் கேட்கவில்லை. என் வலது விரலில் வைத்த மை நகத்தோடு வளர்ந்து, வெட்ட வெட்டப் போய்விட்டது. அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது ஓர் எண்ணிக்கை. இடைவெளி விட்டு, அவசரமில்லாமல், என் இடது மணிக்கட்டில் அழுத்தியது. எத்தனை என்று எனக்குத் தெரியும்.