அம்மாவைக் கேட்ட கேள்வி

அப்பா செத்த மறுவருஷம், எழுபதுகளின் தொடக்கத்தில், பரளச்சியிலிருந்து அண்ணன் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: "அம்மாவுக்குப் புத்தி மாறிப்போச்சு. வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்துல கொண்டுபோய் விடப்போறோம். வந்து பாத்துட்டுப் போ." அந்த மண்டபம் எனக்குத் தெரியும். புத்தி பேதலித்தவர்களைச் சங்கிலியால் தூணோடு கட்டிப்போடுகிற இடம். கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு, நான் வாக்கப்பட்ட ஊரான பாலவனத்தத்தில் பஸ் ஏறினேன்.

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பினாள், மறுபடியும் சுவர்ப்பக்கமே புரண்டுகொண்டாள். மதினி தட்டில் வைத்த கம்மஞ்சோறு காய்ந்து கிடந்தது. மதினி கெட்டவளில்லை. "குழம்புல உப்ப ரெண்டு தடவ போடுறாக. கெழமை கேட்டாத் தெரியலைங்கிறாக. நான் என்னத்தச் செய்ய?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறதி அம்மாவுக்கு அப்பா இருக்கும்போதே வந்துவிட்டது, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் மறந்துவிட்டுச் சிரிப்பாள். தப்பாக எதையாவது சொல்லிவிட்டு அதையே சாதிப்பாள். இப்போது எதைக் கேட்டாலும் "தெரியலை" ஒன்றுதான்.

"அருப்புக்கோட்டையில டாக்டர்ட்டக் காட்டாம அம்மாவ எங்கயும் அனுப்ப விடமாட்டேன்" என்றேன்.

"கட்டிக்குடுத்த பிள்ளைக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்றார் அண்ணன்.

"கட்டிக்குடுத்தா, பெத்தவ இல்லேன்னு ஆயிருமா? வாசல்ல குறுக்கப் படுத்துருவேன். என்னையத் தாண்டிக் கூட்டிட்டுப் போங்க பாப்போம்!"

நான் படுத்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலையில் மூன்று பேரும் டவுன் பஸ் ஏறினோம்.

டாக்டர் அம்மாவைப் பார்த்து, "சாப்புடுறீங்களாம்மா?" என்றார்.

"சாப்புடுறாக" என்றார் அண்ணன்.

"தூக்கம் வருதா?"

"நல்லாத் தூங்குறாக. எந்நேரமும் படுக்கைதான்."

எங்கள் வீட்டு வழக்கம் அது. வெளி ஆம்பளை எதிரில் வீட்டுப் பொம்பளை வாய் திறக்கமாட்டாள். முன்பு அப்பா பதில் சொன்னார், இப்போது அண்ணன். அதை மரியாதை என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். டாக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் உங்களக் கேக்கலையே" என்றார். அண்ணனுக்கு உறைக்கவில்லை. "எல்லாம் எனக்குத் தெரியும், என்னையவே கேளுங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "அண்ணே, போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க" என்று கையைப் பிடித்து எழுப்பி, வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

டாக்டர் நாற்காலியை அம்மா பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவசரப்படவில்லை. எது செஞ்சா சந்தோஷமா இருக்கு, விடிஞ்சதும் மனசு எப்படி இருக்கு, அழுகை வருதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா சேலை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "செத்துப்போனாத் தேவலைன்னு தோணுதாம்மா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி மனுஷா, இப்படியா கேட்பது!

அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"தெனமும் தோணுது. யாரும் கேக்கலையே, யார்ட்டச் சொல்ல?"

நான் அங்கேயே உடைந்து அழுதேன். நான் அழுது முடிக்கும்வரை விட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "மறதி இருக்கு, அது போகாது. ஆனா இவங்களப் படுக்கையில போட்டது மறதி இல்ல, மனச்சோர்வு. மறதி உள்ளவங்களுக்கும் மனசு ஒடியும். மாத்திரை தாரேன். தனியா விடாதீங்க. மனசு எப்படி இருக்குன்னு தெனமும் கேளுங்க. பதில் வராட்டியும் கேளுங்க."

அம்மாவை நேராக என் வீட்டுக்கே கூட்டிப்போனேன். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை; திறந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். தினமும் காலையில் தலைசீவிவிடும்போது கேட்டேன். "தெரியலை" என்றாள். மறுநாளும் கேட்டேன். பருத்தி வெடித்து, எடுத்தும் முடிந்தது. நான் விடவில்லை.

ஒருநாள் சீப்பைத் தட்டிவிட்டாள். "ஏண்டி, பொழுது விடிஞ்சாப் போதும், மனசு எப்படி மனசு எப்படின்னு உசுர வாங்குற! பசிக்குது, மொதல்ல சோத்தப் போடு."

செத்துப்போன தன் தங்கச்சி பேரைச் சொல்லித்தான் என்னைத் திட்டினாள். அந்தப் பேருக்கே "இந்தா வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, சோறு போட எழுந்தேன்.