ஆடியில் கொழும்பு

மயிலாப்பூரில் என் எதிர்வீட்டில் ஒரு டிராயிங் மாஸ்டர் குடியிருந்தார். நெட்டை மனிதர், மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு போய், அந்தப் பக்கம் நூல் கட்டியிருந்தார். எதையும் பருவம் தப்பித்தான் வாங்குவார். பங்குனி வெயிலில் கம்பளி, மார்கழிக் குளிரில் விசிறி. அப்போதுதான் கடைக்காரன் வழிக்கு வருவானாம்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், ஆடி பிறந்ததும் மனைவியுடன் இலங்கைத் தீவைச் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். ஆடியில் கொழும்பில் மழையாம். புதுமண ஜோடிகளும் வரமாட்டார்களாம். விடுதிக்காரர்கள் பாதி வாடகைக்கே கெஞ்சுவார்களாம். தெருவே திரண்டு தடுத்தது. தலைமை தாங்கியது அடியேன்.

"ஆடி மாசம் ஆம்படையாளை அழைச்சுண்டு யாராவது கிளம்புவாளா ஓய்? புருஷன் பெண்டாட்டியைப் பிரிச்சு வைக்கிற மாசம்!"

"அது புதுசாக் கல்யாணம் ஆனவாளுக்கு. எங்களை இருபது வருஷமா எந்த ஆடியாலயும் பிரிக்க முடியலை. இவ இன்னும் திருவள்ளூரைத் தாண்டினதில்லை. சீசன்ல அழைச்சுண்டு போற சம்பளம் எனக்கு எந்த ஜன்மத்துல வரும், சொல்லும்!"

"கொட்டற மழையில அங்கே என்னத்தைப் பாப்பேள்?"

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். "மழை பேஞ்சா தீவு என்ன, கரைஞ்சா போயிடும்?"

ஆடி முதல் நாள், ராகுகாலத்தில், ஜட்கா ஏறினார்கள். அந்நேரத்துக்கு வண்டிக்காரனும் கூலி குறைத்தானோ என்னவோ! தெருவே பார்க்க, மாமி அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கொழும்பு போக நானும் நல்ல மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குத் தோதான மாதத்தை இன்னும் எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை.