சிவப்புப் பூசிய கால் டாலர்

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் போர்வீரர்களின் கல் மேல் காசு வைக்கும் பழக்கம் உண்டு. பூவை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். காசு அப்படியில்லை. ஒரு சென்ட் வைத்தால், வந்தேன், உன்னை நினைத்தேன் என்று பொருள். ஐந்து சென்ட் வைத்தால் பயிற்சி முகாமில் கூட இருந்தவன். பத்து சென்ட் வைத்தால் ஒரே படையில் கூட உழைத்தவன். கால் டாலர் வைத்தால், உயிர் போகும்போது பக்கத்தில் இருந்தவன். இதை யார் தொடங்கிவைத்தார்களோ எனக்குத் தெரியாது. வீட்டாரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை இந்தக் காசு சொல்லிவிடும்.

வெர்னா அக்கா அந்தக் கால் டாலருக்காகத்தான் காத்திருந்தார்.

அவர் கையில் நாள் முழுக்கப் புரண்டதும் கால் டாலர்தான். ரயில் பாதைக்கு இந்தப்பக்கம் இருக்கிற காசு போட்டுத் துவைக்கும் சலவைக் கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் துணி மடிப்பேன். அவர் சில்லறை கொடுப்பார், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வார். எங்கள் இயந்திரங்கள் கால் டாலரைத் தவிர வேறு எதையும் விழுங்காது. சில்லறை தரும் பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. கசங்கிய நோட்டைக் கொடுத்தால் நாக்கை நீட்டுகிற மாதிரி வெளியே தள்ளிவிடும். அக்கா வாஷிங்டன் படம் போட்ட அந்த ஒரு டாலர் நோட்டை வாங்கி இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய் தேய்த்துத் திருப்பிக் கொடுப்பார். "வாஷிங்டன் தாத்தா மூஞ்சில இவ்வளவு சுருக்கமா? வாழ்ந்த காலத்துல கூட இருந்திருக்காது" என்பார்.

எங்கள் நாட்டு நோட்டுகள் எல்லாம் ஒரே அளவு. ஒன்றானாலும் நூறானாலும் அதே நீளம், அதே அகலம். கண் தெரியாதவர்கள் பாவம், என்ன செய்வார்கள்? எங்கள் திருச்சபையில் பார்வை போன ஒரு பெரியவர் இருந்தார். அக்கா அவருடைய ஒரு டாலரை மடிக்காமல் விட்டு, ஐந்து டாலரைக் குறுக்கே மடித்து, பத்தை நெடுக மடித்து, பையில் வைத்துக் கொடுப்பார். யாரும் சொல்லாமல் வாரம் தவறாமல் செய்துவந்தார்.

அக்காவின் ஒரே மகன் வெண்டல். கூச்சமில்லாமல் எல்லோரையும் சிரிக்க வைக்கிற பையன். ஈராக்கில் சாலையோரம் புதைத்த குண்டில் போனான். சீருடை போட்ட இரண்டு பேர் வீட்டு வாசலுக்கு வந்து சேதி சொன்னார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். அக்கா அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கடைசி நேரத்தில் பிள்ளை தனியாக இருந்தானா, யாராவது பக்கத்தில் இருந்தார்களா? அந்த விவரம் எங்களிடம் இல்லையம்மா என்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதற்குப்பின் அக்கா கர்த்தரிடம் கேட்டதும் அது மட்டும்தான். மகனைத் திருப்பிக் கொடு என்று ஒருநாளும் ஜெபிக்கவில்லை. அவன் தனியாகப் போகவில்லை என்று தெரிந்தால் போதும் என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராகக் கல்லறைக்குப் போய்க் கல்லைப் பார்ப்பார். ஒரு சென்ட் காசுகள் கிடக்கும். ஐந்து சென்ட் வந்தது. ஒரு வருடம் பத்து சென்ட் வந்தது. அன்றைக்கு அக்கா ஆப்பிள் பை சுட்டு எங்களுக்கெல்லாம் கொடுத்தார். கால் டாலர் மட்டும் வரவில்லை.

மே மாதக் கடைசியில் போர்வீரர் நினைவு நாள் வரும். அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அக்காவோடு நானும் போயிருந்தேன். கல் மேல் இருந்த காசுகளில் ஒன்று கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு கலங்குது. நீ பாரு. பத்து சென்ட்டா?"

"பத்து சென்ட் சின்னதுக்கா. இது பெருசு."

"அப்ப அஞ்சு சென்ட்டா இருக்கும்."

வைத்த காசை எடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அக்கா எடுக்கவில்லை. விரலை மட்டும் நீட்டி விளிம்பைத் தடவினார். ஐந்து சென்ட்டின் விளிம்பு வழவழவென்று இருக்கும். கால் டாலருக்கு வரிவரியாக அரம் போல இருக்கும். வருடக்கணக்காகக் காசு எண்ணிய விரல் அது. அங்கேயே புல்லில் முழங்கால் போட்டுவிட்டார். அந்தக் காசிலும் வாஷிங்டன் முகம்தான்; தலைக்குப் பின்னால், கடவுளை நம்புகிறோம் என்று எழுதியிருக்கும். எத்தனையோ தடவை பார்த்த எழுத்துதான். அன்றைக்கு அதை வாய்விட்டுப் படித்தேன்.

மூன்று நாள் அக்கா நடந்ததாகவே தெரியவில்லை, மிதந்துகொண்டிருந்தார். யார் வந்திருப்பான், எந்த ஊர்க்காரனோ, சாப்பிட்டானோ என்று ஓயாத பேச்சு.

புதன்கிழமை காலையில் மழை. வேலைக்கு வரும் வழியில், காசில் சேறு தெறித்திருக்குமே என்று துடைக்கப் போயிருக்கிறார். கடைக்கு வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. மழைச்சட்டையைக் கூடக் கழற்றாமல், துணி மடிக்கும் மேசையில் அந்தக் கால் டாலரை வைத்தார். கல்லில் அடியில் மறைந்திருந்த பின்பக்கம் இப்போது மேலே இருந்தது. குறுக்காகச் சிவப்பு நகப்பூச்சு.

அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். கடை முதலாளி டெல்பர்ட், தன் மனைவியின் நகப்பூச்சால் கொஞ்சம் கால் டாலர்களுக்குச் சிவப்புக் கோடு இழுத்து ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருப்பார். இயந்திரம் யாருடைய காசையாவது சும்மா விழுங்கிவிட்டால், டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துத் திரும்ப ஓட்டச் சொல்வோம். சாயங்காலம் பெட்டியைத் திறக்கும்போது சிவப்பெல்லாம் கடைக் காசு என்று பிரித்து எடுத்து டப்பாவிலேயே போட்டுவிடுவார். சிவப்பு எங்கள் கடை வாசலைத் தாண்டாது. கல்லறையில் சிவப்பு இருந்தால், அதை வைத்தது எங்களில் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

"யாரு வச்சது?" என்றார் அக்கா. கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கர்த்தர் சாட்சியாக நான் இல்லை என்றேன். டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வைக்கலாமான்னு ஒரு தடவை எனக்குத் தோணிச்சு வெர்னா. மறைக்கல. உன் மூஞ்சியை நினைச்சு விட்டுட்டேன். ஆனா ஒண்ணு சொல்லு, நான் வச்சிருந்தா சிவப்பு பூசினதையா எடுத்து வச்சிருப்பேன்? நான் கஞ்சன்தான். முட்டாள் இல்ல."

மற்ற நேரமாக இருந்தால் அக்கா சிரித்திருப்பார்.

"பாசத்துலதான் செஞ்சிருப்பீங்க, எனக்குத் தெரியும். ஆனா அது அவனோட கடைசி நேரம். அதுல நம்ம இஷ்டத்துக்கு ஓர் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. காசை எடுத்து மேலங்கியால் சேற்றைத் துடைத்தேன். இந்தக் கால் டாலர்களுக்கு மாநிலத்துக்கு ஒன்றாகப் பின்பக்கம் படம் போட்டிருப்பார்கள்; ஒன்றில் குதிரை, ஒன்றில் மரம். சிவப்புக்குக் கீழே ஒரு மாட்டின் தலை தெரிந்தது.

"அக்கா, இதுல மாடு போட்டிருக்கு" என்றேன்.

அக்கா திரும்பினார். காசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்த ஒத்தைச் சட்டைக்காரன்" என்றார்.

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன சனிக்கிழமை ஓர் இளைஞன் வந்திருந்தான். ஒரு காலை லேசாக இழுத்து நடந்தான். துவைக்க அவனிடம் ஒரே ஒரு சட்டை. அதுவும் அழுக்கே இல்லாத சட்டை. அதைப் பெரிய இயந்திரத்தில் போட்டான். இயந்திரம் அவன் காசை விழுங்கிவிட்டுப் பேசாமல் நின்றது. அக்கா டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். ஒத்தைச் சட்டைக்கு இவ்வளவு தண்ணியா, உங்கம்மா பாத்தா காதைத் திருகுவாங்க என்று கேலி செய்தார். அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அந்த டப்பாவில் மாடு போட்டது இருந்தால் கொடுங்கள், அது எங்கள் மாநிலத்துக் காசு என்று கேட்டான். விஸ்கான்சின்காரனாம், வீட்டில் மாட்டுப் பண்ணையாம். அக்கா டப்பாவைக் கிளறித் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அவன் அதை இயந்திரத்தில் போடவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தன்னிடமிருந்த வேறு காசைப் போட்டான். சட்டை காயும்வரை அக்கா போகும் இடமெல்லாம் அவன் கண்ணும் போனது. பசியாக இருப்பான் போலிருக்கிறதே என்று, அக்கா தன் மதியச் சாப்பாட்டு ரொட்டியில், இறைச்சி வைத்த பாதியைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்தார். கையில் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றான். சட்டை காய்ந்ததும் கிளம்பிவிட்டான்.

"என்னைப் பாக்கத்தான் வந்திருக்கான்" என்றார் அக்கா. "சொல்ல வந்துட்டு சொல்ல முடியாம நின்னிருக்கான். நான் அவன்கிட்ட தண்ணிக் கணக்கு பேசியிருக்கேன்."

"பாதி சாப்பாடும் குடுத்தீங்களேக்கா" என்றேன்.

அதைக் கேட்டதும்தான் அழுதார். அழுதுமுடித்து முகம் கழுவி, காசை எடுத்துக்கொண்டு மழையிலேயே கல்லறைக்குப் போனார். இருந்த இடத்தில் திரும்ப வைத்தார். மாடு மேலே பார்க்கும்படி வைத்தேன் என்று வந்து சொன்னார். விடுதிகளில் விசாரித்துப் பெயர் கண்டுபிடிக்கலாம் என்றார் டெல்பர்ட். அக்கா வேண்டாம் என்றுவிட்டார்.

"சொல்ல முடியாமத்தானே காசை வச்சிட்டுப் போனான். நாம போய் விரட்டக்கூடாது. அவனால முடியறப்ப வருவான்."

அதற்குப்பின் தினமும் ஒரு ரொட்டி கூடுதலாகக் கட்டிக்கொண்டு வந்தார். சாயங்காலம் வரை யாரும் வராவிட்டால் அது எனக்கோ டெல்பர்ட்டுக்கோ வரும். டெல்பர்ட்டுக்குத் தொப்பை போட்டதற்கு அந்த விஸ்கான்சின் பையன்தான் காரணம் என்று நான் கேலி செய்வேன்.

மக்காச்சோளம் அறுத்து வயல் மொட்டையாகக் கிடந்த காலத்தில் அவன் வந்தான். தோளில் பெரிய மூட்டை. கதவருகே நின்றுவிட்டான். உள்ளே வரவும் தயக்கம், திரும்பிப் போகவும் தயக்கம். அக்கா தேய்த்துக்கொண்டிருந்த நோட்டைக் கீழே வைத்தார்.

"இன்னிக்காவது அழுக்கு இருக்கா தம்பி?"

"இருக்கும்மா. வாரக்கணக்கா சேத்து வச்சிருக்கேன்." மூட்டையை இறக்கினான். "என் பேரு எமரி. நான் வெண்டலோட..."

"தெரியும். முதல்ல துணியைப் போடு."

அவன் காசை எடுக்கக் கையைப் பைக்குள் விட்டான். டெல்பர்ட், யாருக்கும் ஒரு சென்ட் விட்டுக்கொடுக்காத டெல்பர்ட், தகர டப்பாவோடு வந்து, சிவப்புக் காசை ஒவ்வொன்றாகத் தானே இயந்திரத்தில் போட்டார். பிறகு வெளியே போய்விட்டார்.

துணி சுற்றிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர்கள் இருவரும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பேசினான், அக்கா கேட்டார். ரொட்டி அவன் மடியில் பிரிக்காமல் இருந்தது. இயந்திரச் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நான் கேட்கவும் முயலவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தபோது, அக்கா அவன் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்திருந்தார்.

அவன் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனபிறகு அக்கா என் பக்கம் வந்து நின்றார்.

"வெண்டல் கையைப் பிடிச்சுட்டே இருந்தானாம்" என்றார். "கடைசி வரைக்கும். நான் இப்ப பிடிச்சிருந்த அந்தக் கைதான்."

பிறகு இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். ஆறிப்போயிருந்தது. திரும்பச் சூடேற்றி, பாதியில் விட்ட அந்த ஒரு டாலரைத் தேய்க்கத் தொடங்கினார்.