குப்புராஜ் சார் வைத்த பேனர்

ஆரணியில் இளைஞர் மன்றம் நடத்திவந்த குப்புராஜ் சாருக்கு 2008இல் சென்னையில் ஒரு பயிற்சி கிடைத்தது. ஆர்க்குட் மாதிரியான வலைத்தளங்களில் பிள்ளைகளோடு பாதுகாப்பாகப் பழகுவது எப்படி என்பதுதான் பாடம். திரும்பி வந்தவரின் கழுத்தில் அங்கே கொடுத்த அடையாள அட்டை தொங்கியது. காய்கறி வாங்கப் போகும்போதும் அதைக் கழற்றவில்லை.

மன்றத்தின் மாலை வகுப்புகளைப் பார்த்துக்கொண்ட எங்களுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். பிரவுசிங் சென்டரில் எங்களை உட்காரவைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தொடவிடாமலே பேசினார். தொட்டிருந்தால் அடுத்தது என்ன என்று அவருக்கே தெரிந்திருக்காது. விதிகள் என்னவோ நல்ல விதிகள்தான். சென்னையில் யாரோ யோசித்து எழுதியவை. முகம் தெரிகிற படம் போடாதே. போன் நம்பர் போடாதே. ஊர்ப் பெயர் போடாதே.

கலைமகள் ஒருத்திதான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். தேவிகாபுரத்துப் பக்கம் கூலி வேலைக் குடும்பம். வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். தோழியின் ஆர்க்குட் பக்கத்தில் தன் நம்பரை எழுதியிருந்தாள், அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று தெரியாமல். அன்றிலிருந்து ஒருவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எடுத்ததும் "சாப்ட்டியா?" என்பான், புருஷன் மாதிரி. அண்ணன் நெடுஞ்செழியன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "இன்னொரு வாட்டி அவன் போன் வரட்டும். மன்றமும் வேணாம் ஒண்ணும் வேணாம், வூட்லயே கெட."

பயிற்சி முடிந்த கையோடு அவள் ஆர்க்குட்டில் போட்டிருந்த தன் படத்தை நீக்கினாள், எழுதிய நம்பரை அழித்தாள், சிம்மை மாற்றினாள். புது நம்பரை வெளியில் மன்றத்துக்கு மட்டும் கொடுத்தாள். போன் அடங்கியது.

சாருக்குத்தான் மனம் அடங்கவில்லை. காதுகுத்துக்கே பேனர் வைக்கிற ஊரில், அவர் சென்னை போய்வந்தது யாருக்கும் தெரியாமல் போகலாமா? பஸ் ஸ்டாண்டு வாசலில் "இணையத்தில் பாதுகாப்பு" என்று கொட்டை எழுத்தில் ஒரு பேனர் எழுந்தது. நடுவில் அட்டையும் காதில் செல்போனுமாக அவர். கீழே வரிசையாக எங்கள் பாஸ்போர்ட் படங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பெயர், ஊர், தொடர்புக்கு நம்பர்.

மறுநாளே கலைமகளின் போன் அடித்தது. "நம்பர மாத்திட்டா வுட்டுடுவனா? போட்டோல சோக்கா கீற."

நேராக மன்றத்துக்கு வந்தாள். நாங்களும் அங்கே இருந்தோம்.

"பேனர எறக்குங்க சார். அவன் மறுபடியும் பேசறான்."

"என்னாம்மா பேஜார் பண்ற? எம்மாம் நல்லா வந்துகீது."

"படம் போடாதன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"அது நெட்லம்மா. நெட்ல எவனெவனோ பாப்பான். இது பஸ் ஸ்டாண்டு. நம்ம ஜனங்கதான பாத்துகினு போறாங்க."

"கூப்புட்றவனும் நம்ம ஜனந்தான் சார்."

"ஆம்பள கொரல்ல ஒரு அதட்டு போட்டா ஓடிடுவான்."

கலைமகள் போனைத் திறந்து சிம்மை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள். "உங்க போன்ல ரெண்டு சிம் போடலாமில்ல சார். நீங்களே அதட்டுங்க."

எங்கள் முன்னால் மறுக்க அவருக்குக் கௌரவம் இடம் தரவில்லை. போட்டுக்கொண்டார்.

அதட்டவும் செய்தார். அதட்டியது அவனுக்குப் பிடித்துப்போனது. பெற்றோர் கூட்டத்தில் சார் பாதுகாப்பைப் பற்றி முழங்கிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டு, "சாப்ட்டியா அங்கிள்?" என்றான். முன்வரிசைக்கே கேட்டது. பேனரைப் பார்த்த வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். பேனர் நன்றாகத்தான் வந்திருந்தது.

அதற்கும் அவர் அசையவில்லை. ஒரு நாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது மனைவி திலகவதி போனை எடுத்தார். வெளியே வந்தவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "யாருங்க அந்தக் கலைமகள்?"

ஈரத் தலையோடு சார் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். "ஜல்தி அவுருப்பா" என்று பேனர் கட்டிய ஆளை விரட்டி, கூடவே நின்று சுருட்டி எடுத்துப் போனார்.

அடுத்த கூட்டத்தில், பணியாளர்களின் பாதுகாப்பை முன்னிட்டுத் தாமாகவே பேனரை அகற்றியதாகச் சொன்னார். கழுத்தில் அட்டை ஆடியது. நாங்கள் கைதட்டினோம், சம்பளம் அவர் கையால் வருகிறது.

கலைமகள் மூன்றாவது நம்பர் வாங்கினாள். அதில் அவன் வரவே இல்லை. நெடுஞ்செழியனும் அதன்பிறகு வாய் திறக்கவில்லை. வேலை தங்கியது. அந்த நம்பரை மட்டும் அவள் மன்றத்துக்குக் கொடுக்கவில்லை.

"அவசரம்னா எப்டிம்மா கூப்புட்றது?" என்று கேட்டார் சார்.

"ஆள அனுப்புங்க சார்" என்றாள்.