யெப்தா பிடித்த கொடி

என் கணவர் ஆல்வனின் குதிரை பந்தயத்திலிருந்து தள்ளப்பட்ட அன்று, வேலியில் சில பலகைகளைக் கழற்றி வழிவிட்டவர் யெப்தா அண்ணன். கூட்டத்துக்கு முன்னால் ஆல்வன் தலைகுனிந்து போக வேண்டாமே என்றுதான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வாளி தண்ணீரும் வைத்திருந்தார். குதிரை குடித்தது, ஆல்வன் முகம் கழுவிக்கொண்டார். இத்தனைக்கும் அந்தக் குதிரையைத் தள்ளிவிட்டதே அண்ணனின் கொடிதான்.

லெக்சிங்டன் திடலில் அப்போதெல்லாம் ஒரே ஓட்டத்தில் பந்தயம் முடியாது. ஒரு மைல் ஓடி, ஆறவிட்டு, திரும்ப ஓட வேண்டும். இரண்டு ஓட்டம் ஜெயித்த குதிரைக்கே பரிசு. முடிவுக் கம்பத்துக்கு நாற்பது கஜம் முன்னால் அண்ணன் கொடியோடு நிற்பார். முதல் குதிரை ஜெயித்ததும் நடுவர் தன் கொடியைச் சாய்ப்பார். அந்த நொடியே அண்ணனும் சாய்க்க வேண்டும். அவரை இன்னும் தாண்டாத குதிரைக்கு அடுத்த ஓட்டம் கிடையாது. அதனால் அவர் கண் நடுவரின் கொடியை விட்டு நகராது. அடிமையாக இருந்த நாளில் எஜமான் செய்யச் சொன்ன வேலை அது. விடுதலைக்குப் பிறகு தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். முப்பது வருஷம் அங்கே நின்றும் ஒரு துண்டுத் துணியைத் தவிர அண்ணன் எதையும் பார்த்ததில்லை என்று எங்கள் சபையில் கேலி செய்வார்கள்.

மறு வருஷம் ஆல்வன் தெபோராளைக் கொண்டுவந்தார். முதலாளியின் லாயத்தில் குட்டியிலிருந்து அவர் வளர்த்துப் பழக்கிய செம்பழுப்புப் பெண்குதிரை. உடம்பு சூடேறினால்தான் அவளுக்கு ஓட்டம் வரும். முதல் ஓட்டத்தில் ஆடி அசைந்துதான் வருவாள். இந்தத் தடவை தள்ளப்பட்டால் கரிவண்டியில் பூட்டிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆல்வனுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நான் பன்றித்தொடை இறைச்சி வைத்த ரொட்டியை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். ஒரே ஒரு மூச்சு பொறுத்துக் கொடியை இறக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

அவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "கம்புதான் தங்கச்சி என் கையில இருக்கு. அது விழுற நேரம் என்னுது இல்ல" என்றார். பிறகு, "இன்னொரு ரொட்டி இருக்கா? லஞ்சமா வேணாம், பசிக்குது" என்றார்.

ஓட்டம் தொடங்க முரசு தட்டினார்கள். நினைத்தபடியே தெபோராள் கடைசி. நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். திறந்தபோது அண்ணனின் கொடி சாய்ந்திருந்தது. தெபோராள் அதற்கு அப்பால் போய்க்கொண்டிருந்தாள். கொடி தாமதமாக விழுந்தது, சபைக்காரனுக்குச் சலுகை காட்டிவிட்டான் என்று பந்தயம் கட்டியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நடுவர் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"துணி அவ வால்ல தட்டிக்கிட்டு விழுந்துச்சு ஐயா. மூக்குல தட்டியிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்."

போன வருஷம் இதே ஆல்வனின் குதிரையைத் தள்ளியதும் இதே ஆள்தானே என்று நடுவர் அவர்களைக் கேட்டார். அதோடு சத்தம் அடங்கிவிட்டது.

இரண்டாவது ஓட்டத்துக்குள் தெபோராளுக்குச் சூடேறிவிட்டது. பறந்து ஜெயித்தாள். இரண்டில் ஒன்றுகூட ஜெயிக்காதவை விலக வேண்டும்; மூன்றாவதற்கு அவளும், முதல் ஓட்டத்தை ஜெயித்த குதிரையும் மட்டுமே மிச்சம். அதற்கு மேல் ஓட்டம் இல்லை, கொடிக்கும் வேலை இல்லை. அண்ணன் கம்பை மண்ணில் குத்திவிட்டு வேலியோரம் என் பக்கத்தில் வந்து நின்றார். தெபோராள் கழுத்தளவு முந்தினாள். ஆல்வன் வேலியைத் தாண்டி ஓடி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணனோ கழற்றிய தொப்பியை மாட்ட மறந்து நின்றார்.

"எப்பவுமே இவ்ளோ அழகாவா இருக்கும்?" என்று கேட்டார்.

ஆமாம் அண்ணே என்றேன்.

"ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலியே" என்றார்.

முதலாளி கரிவண்டியை மறந்தே போனார். தெபோராளையும் ஆல்வனையும் நியூ ஆர்லியன்ஸ் திடலுக்கு அனுப்பினார். நானும் கிளம்பினேன். ரயிலடிக்கு அண்ணன் வந்திருந்தார். இனி மோட்சத்தில்தான் பார்ப்போம் என்று நான் அழுதேன். அவர் நான் கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தை மோந்து பார்த்துச் சிரித்தார்.

"நான்தான் முன்னால போவேன். அங்கயும் கொடி பிடிக்கிற வேலையக் கேட்டு வாங்கிக்கிறேன். நீ மெதுவா வா தங்கச்சி. உனக்கு மட்டும் ஒரு மூச்சு பொறுத்து எறக்குறேன்."