தடம் மாறிய உரம்

“அண்ணா, மாமா மாங்கன்னு வாங்கிட்டு வந்துட்டாருங்க...”

போனில் சுகந்தி சொன்னது இவ்வளவுதான். அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு மாங்கன்று வந்ததற்கு யாராவது அழுவார்களா? அதுவும் முதலமடைக்கு இந்தப் பக்கம்? சீசன் வந்தால் காற்றிலேயே மாம்பழம் மணக்கிற ஊராச்சே!

ஆனால், சுகந்தி அழுததில் நியாயம் இருந்தது.

சுகந்தி என் சித்தப்பா பெண். பிறந்தது தாராபுரம் பக்கம். கல்யாணமானதும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்புதான் கேரள எல்லைக்குள் இருக்கிற கணவனின் ஊரான கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்தாள். கணவன் செந்தில் மூணாறில் டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறான். மாதம் ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். மாமியார் காலமாகிவிட்டார். ஆக, வீட்டில் இருப்பது சுகந்தியும் மாமனார் காளியப்பன் மாமாவும்தான்.

பழைய மாமரங்கள் பட்டுப்போய், வெட்டியெடுத்த ஒன்றரை ஏக்கர் சும்மா கிடந்தது. அதில் கொய்யா வைக்கிறேன் என்றாள் சுகந்தி. சாதாரணமாக இல்லை — அடர்நடவு! வரிசைக்கு வரிசை பத்தடி, செடிக்குச் செடி ஆறடி.

மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழ்க்கை முழுக்க மாந்தோப்பில் கழித்த மனிதர். மரத்துக்கு மரம் முப்பதடி விட்டு நட்டுப் பழகியவர். ஆறடிக்கு ஒரு செடி என்றால் அவர் கணக்கில் அது தோப்பில்லை, வேலி.

ஆனால், அதை அவர் சுகந்தியிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வழக்கம் கிடையாது. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை... மரியாதையாம்! மாமாவுக்குக் காபி வேண்டுமென்றால் வாசலில் கட்டியிருக்கிற வெள்ளாட்டைப் பார்த்து, “ஒரு வாய் காப்பி குடிச்சாத் தேவலையாட்டம் இருக்குது” என்பார். காபி வந்துவிடும். சுகந்தி கதவைப் பார்த்து, “சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்குதுங்க” என்பாள். ஆட்டுக்கும் கதவுக்கும் வாய் இருந்தால் அந்தக் குடும்பத்து ரகசியமெல்லாம் சந்திக்கு வந்துவிடும்.

கொய்யா விஷயத்திலும் ஆட்டிடம்தான் தீர்ப்பு சொன்னார் மாமா. “அடுத்த ஆனி மழை வரைக்கும் பாப்பேன். வெளங்கலீன்னா, எல்லாத்தையும் புடுங்கிப்போட்டு மாங்கன்னு வெச்சுப்போடுவேன்.”

இப்போது ஆனி பிறந்துவிட்டது. மழையும் வந்துவிட்டது. மாங்கன்றும் வந்துவிட்டது. சுகந்தி அழாமல் என்ன செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பாலக்காட்டிலிருந்து கிளம்பிவிட்டேன். கொய்யாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உப்பும் மிளகாய்த்தூளும்தான். இருந்தாலென்ன? அண்ணன் என்று ஒருத்தன் வந்து நின்றால் ஒரு தெம்புதானே!

வாசலில் ஐந்து மாங்கன்றுகள் பையோடு நின்றன. மீதி அப்புறம் வருமாம். அதைப் பார்க்காதவள் மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு, என்னைத் தோப்புக்குக் கூட்டிப்போனாள் சுகந்தி.

போகிற வழியெல்லாம் கொய்யாப் பேச்சுதான். “கொய்யா புதுக் கிளையிலதான் பூ எடுக்குமுங்கண்ணா. வெட்ட வெட்டத்தான் காய். இடுப்பு ஒசரத்துல தலையை வெட்டி, வர்ற கிளையைப் பாதியா வெட்டி, அது துளுத்தா மறுபடியும் வெட்டோணும். மொதல்ல வந்த பூவையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டனுங்க. செடி மொதல்ல ஒடம்பு தேறோணுமில்ல?”

எனக்கு மாமாவை நினைத்துத்தான் பரிதாபமாக இருந்தது. மாமரம் முற்றிய கிளையின் நுனியில் பூக்கிற மரம். நேரங்கெட்ட நேரத்தில் கிளையில் கை வைத்தால் அந்த வருஷத்து மாம்பழமே போச்சு. அப்படிப் பழகியவர் கண்ணெதிரே, மருமகள் கத்தரியோடு போய்த் தோப்பையே வெட்டித் தள்ளினால்... மனுஷன் எப்படித்தான் சோறு தின்றாரோ!

தோப்பைப் பார்த்ததும் என் தெம்பும் போய்விட்டது. செடிகள் வரிசையாக, அழகாகத்தான் நின்றன. ஆனால், இலையெல்லாம் வெளிறிப்போயிருந்தது. காய்கள் எலுமிச்சை அளவோடு நின்றுவிட்டன.

“தண்ணி பத்தலையாட்ட இருக்குதுன்னு சொட்டுநீரை ரெண்டு பங்கா உட்டனுங்க. இன்னும் மஞ்சளாச்சு. வெவசாய ஆபீசர் மேடத்துக்கு போட்டோ அனுப்புனேன். தண்ணியைக் கொறைச்சு உரத்தைக் கூட்டுன்னாங்க. அதுவும் செஞ்சேன். அப்பவும் இப்படியே நிக்குது. என்ற கைதான் ராசியில்லைங்களாண்ணா?”

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று அவள் பக்கமாக ஓரடி எடுத்து வைத்தேன். அவ்வளவுதான். சறுக்கிக்கொண்டு போய்ப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாம் புல்! இரண்டு வரிசைக்கு நடுவே நடக்கிற வழி முழுக்க முழங்கால் உயரத்துக்கு, கரும்பச்சையாக, கொழுகொழுவென்று புல். அடி பட்ட இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டேன். “செடியெல்லாம் இப்படி வெளிறிக் கெடக்குது... புல்லு மட்டும் எப்படி அம்மிணி இந்த வரத்து வருது?”

“வராம என்னங்கண்ணா பண்ணும்? உரமெல்லாம் அங்கதானுங்களே போடறேன்!”

“எங்கே?”

“தடத்துலதான். மேடந்தான் சொன்னாங்க.”

நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று போனை எடுத்து அந்த மேடத்தின் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினாள். திருச்சூர்ப் பக்கத்து மலையாளம். தன்மையான குரல். “சுகந்தீ, பேரயுடெ தடத்தில் வளம் இட்டு மண்ணு மூடணம், கேட்டோ...”

பேர என்றால் கொய்யா — சுகந்திக்குத் தெரியும். வளம் என்றால் உரம் — அதுவும் தெரியும். தடம்...? அதைப் போய் யாரிடமாவது கேட்பார்களா? தாராபுரத்தில் பிறந்தவளுக்குத் தடம் தெரியாதா? ‘தடத்துல பாத்துப் போ கண்ணு’ என்று கேட்டு வளர்ந்தவள். கொங்குத் தமிழில் தடம் என்றால் வழி.

மலையாளத்தில் தடம் என்றால் செடியைச் சுற்றி மண்ணைக் கோலி எடுக்கிற வட்டப்பாத்தி!

ஆக, சொட்டுநீர் செடிக்கு. உரம் பாதைக்கு. வேர் ஈரத்தைச் சுற்றியே கிடக்கிறது. சாப்பாடு அஞ்சடி தள்ளி இருக்கிறது. நட்ட நாளிலிருந்து அந்தக் கொய்யாச் செடிகள் பந்தி நடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு வெறும் தண்ணீர் குடித்திருக்கின்றன.

நான் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் சுகந்தி சிரிக்கவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என் சிரிப்பு எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது.

இதில் அவள் தப்பு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? சுத்தமாகத் தெரியாத பாஷை யாரையும் ஏமாற்றாது. புரியவில்லை என்று கேட்டுவிடுவோம். பாதி புரிகிற பாஷைதான் ஆளைக் கவிழ்க்கும். நான் பாலக்காட்டுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர், “உங்களோடு கொஞ்சம் சம்சாரிக்கணும்” என்றார். இவருக்கும் என் சம்சாரத்துக்கும் என்ன தகராறு என்று பதறிப்போனேன். சும்மா பேச வேண்டும் என்றிருக்கிறார், பாவம்.

சிரிப்பு அடங்கியதும் எனக்குக் கோபம் வந்தது. சுகந்திக்கு மலையாளம் அரைகுறை. மாமாவுக்கு? மாங்காய் வியாபாரிகளோடு காலமெல்லாம் மலையாளம் பேசி வாழ்ந்தவர். தினமும் இந்தத் தோப்பில் ஆட்டுக்குப் புல் அறுக்கிறவர். மருமகள் பாதையில் உரம் போடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால்... செடி சாகட்டும் என்றுதானே?

விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தேன். பின்னாலேயே சுகந்தியும் வந்தாள். மாமா ஆட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். ஆடு மினுமினுவென்று இருந்தது. இருக்காதா பின்னே?

“ஏனுங் மாமா, சுகந்தி தடத்துல உரம் போட்டதை நீங்க பாத்தீங்களா இல்லையா?”

“பாத்தனுங்க மாப்ளே.”

“பாத்துட்டும் ஏனுங்க சொல்லலை?”

மாமா ஆட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சூதுவாது ஒன்றுமில்லை. உண்மையான குழப்பம்தான் இருந்தது.

“இதும் புது மொறையாக்கும்னு நெனச்சனுங்க. செடியை நெருக்கி நடறாங்க. நல்லா வர்ற கிளையை வெட்டறாங்க. வந்த பூவைக் கிள்ளிப் போடறாங்க. எல்லாமே எனக்குத் தலைகீழாத்தான் தெரிஞ்சுதுங்க. அப்புறம் உரத்தையும் தடத்துல போட்டாங்களா... சரி, புல்லு வளரும், ஆடு திங்கும், ஆட்டுப் புழுக்கை செடிக்குப் போகும், சுத்தி வளைச்சு ஏதோ கணக்குப் போட்டிருப்பாங்கன்னு இருந்துட்டேன். எனக்கு மாமரந்தானுங்க தெரியும்? நான் ஒண்ணு சொல்லப்போயி, குறுக்க உழுகறான்னு ஆயிரக் கூடாது பாருங்க.”



கதவோரம் நின்ற சுகந்தியைப் பார்த்தேன். கேட்டால் எங்கே ‘நான் அப்பவே சொன்னனே’ என்று சொல்லிவிடுவாரோ என்று இவள் கேட்கவில்லை. சொன்னால் எங்கே மருமகள் மனசு நோகுமோ என்று அவர் சொல்லவில்லை. இரண்டு பேருடைய மரியாதையையும் ஒரு வெள்ளாடு நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது!

மாமா மம்பட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு தோப்புக்கு நடந்தார். நானும் சுகந்தியும் பின்னால் போனோம்.

முதல் செடியைச் சுற்றி மண்ணை இழுத்து, வட்டமாக ஒரு பாத்தி கோலினார். என்ன கை அது! திருத்தமான வட்டம். கோலி முடித்து நிமிர்ந்தார். ஏதோ கேட்க வேண்டும் அவருக்கு. அக்கம்பக்கம் தேடினார். ஆடு வீட்டில் கட்டிக் கிடந்தது. நானோ கொய்யாவில் பூஜ்யம்.

வேறு வழி? தொண்டையைச் செருமிக்கொண்டு, நேராக மருமகளைப் பார்த்தார்.

“அம்மிணி... இந்த அகலம் போதுமா?”

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“போதுமுங்க மாமா. தண்டை ஒட்டிப் போட வேண்டாங்க. ஒரு அடி தள்ளி, சொட்டுத் தண்ணி உழுகற ஈரத்துல போட்டு மண்ணை மூடிரலாம். ஒரே மட்டாக் கொட்டாம, கொஞ்சங்கொஞ்சமாப் பிரிச்சுப் போடோணுமுங்க.”

“அப்புடியா?” என்று அடுத்த செடிக்கு நகர்ந்தார் மாமா.

அதற்கப்புறம் பொழுது சாயும் வரைக்கும் அவர் கேட்டார், இவள் சொன்னாள். இவள் கேட்டாள், அவர் சொன்னார். நான் ஒருத்தன் நிற்பதையே மறந்துவிட்டார்கள். எனக்கு அதில் துளி வருத்தமில்லை. நெஞ்சு நிறைந்துபோய் நின்றிருந்தேன்.

அந்தச் செடிகள் தேறுமா? தெரியாது. சின்னச் செடிகள்தான், வேருக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தால் தேறிவிடும் என்று அந்த மேடம் சொன்னாராம். நேற்று சுகந்தி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். ஒரு கிளை நுனியில் இரண்டு தளிர், நல்ல பச்சையாக.

அன்றைக்கு நான் காரை எடுக்கும்போது மாமா அந்த ஐந்து மாங்கன்றுகளையும் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் வைத்தார்.

“இதைய நீங்க கொண்டுட்டுப் போயிருங்க மாப்ளே. இங்கெங்க எடமிருக்குது? எல்லாப் பக்கமும் கொய்யா நிக்குதில்ல!”

நான் இருப்பது மூன்றாவது மாடி ஃபிளாட். பால்கனியில் துணி காயப்போடவே இடமில்லை. இப்போது அங்கே ஐந்து மாங்கன்றுகள் நிற்கின்றன — செடிக்குச் செடி அரையடி.

என் சம்சாரம் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஆடு கிடையாது... தொட்டியில் இருக்கிற மீனைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.